அளக்காமல் தின்ற புளூபெரி

நம் சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நாலு பேருக்கும் ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். மாச்சத்துக் கணக்கும் கொழுப்புக் கணக்கும் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருப்பீர்கள். அதற்குள் நான் இறங்கப் போவதில்லை. ஒரு சின்னப் பழத்தால் நான் இரண்டு தடவை மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன். முதல் தடவை அதை அளவுக்கு மீறிப் புகழ்ந்து மாட்டிக்கொண்டேன். இரண்டாம் தடவை அதற்கு அளவுக்கு மீறிக் கட்டுப்பாடு போட்டு மாட்டிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவின் ஸ்காபரோவில், ஈழத்திலிருந்து வந்த நம்மவர்களின் அப்பார்ட்மெண்ட் ஒன்றின் கீழ்த்தளத்தில் வியாழக்கிழமைகளில் சீனி வருத்தக்காரருக்கு, அதாவது நீரிழிவு உள்ளவர்களுக்கு, வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். உணவு ஆலோசகர் என்று பெரிய பெயர். வந்தவர்களோ எனக்கு வேறொரு பெயர் வைத்திருந்தார்கள்: ‘வேண்டாம் பிள்ளை’. சோறு குறையுங்கோ, மாம்பழம் ஒரு துண்டோடு நிறுத்துங்கோ, கப்பல் வாழைப்பழம் பாதி போதும், பால்ரீக்குச் சீனி வேண்டாம். பிள்ளைகள் ஸ்பொன்சர் பண்ணி அழைத்து, பதினாலாம் மாடியில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த மனிதர்களுக்கு, மிச்சமிருந்த ஒரே சந்தோசத்தையும் நான் வாரத்துக்கு ஒரு தடவை வந்து பறித்துக்கொண்டு போனேன். எனக்கும் அது பிடிக்கவில்லை. ‘சாப்பிடுங்கோ’ என்று சொல்ல ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் ஒரு நாள் கடையின் ஃப்ரீஸரில் காட்டுப் புளூபெரிப் பக்கெற் ஒன்று கண்ணில் பட்டது. தோட்டத்தில் வளர்க்கிற பெரிய புளூபெரி அல்ல. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, கடலையைவிடச் சிறிது. கடித்தால் சாறும் நீலம். நாக்கும் நீலமாகிவிடும். வாசித்துப் பார்த்தேன். நார்ச்சத்து உண்டு, விற்றமின் சி உண்டு, மற்றப் பழங்களோடு பார்க்கச் சீனி குறைவு. நீல நிறத்தைக் கொடுக்கிற பொருள் உடலுக்கு நல்லது என்று அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தார்கள். அந்த நிறம் தோலில்தான் அதிகம். பழம் சிறியது என்றால் ஒரு பிடிக்குள் தோல் கூட. இவ்வளவும் எனக்குப் போதுமாக இருந்தது. அடுத்த வியாழன் இரண்டு பக்கெற்றைக் கரைய விட்டுக் கொண்டுபோய் எல்லோருக்கும் கரண்டியால் போட்டேன்.

அறையே மாறிவிட்டது. ஒருவர் நாக்கை மற்றவருக்கு நீட்டிக் காட்டினார். எல்லோருக்கும் ஒரே ஞாபகம்தான் வந்தது.

“நாவற்பழம் மாதிரியெல்லே கிடக்கு,” என்றார் சிவபாதம் அங்கிள்.

சிவபாதம் அங்கிள் ஊரில் ஸ்டேஷன் மாஸ்ரராக இருந்தவர். கோடையிலும் ஷேர்ட்டின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டுதான் வகுப்புக்கு வருவார். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்துகிற மனிதர்.

“நாவற்கொட்டை சீனிக்கு மருந்தெண்டு பரியாரிமார் சொல்லுறவை. அப்ப இதுவும் அதின்ர தம்பிதானே, பிள்ளை?”

நான் அன்றைக்கு மிகவும் சந்தோசமாக இருந்தேன். ‘வேண்டாம் பிள்ளை’ என்ற பெயர் அன்றோடு போய்விடும் என்று நினைத்தேன்.

“ஓம் அங்கிள், அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளுங்கோவன்,” என்றேன்.

அந்த ஒரு வசனம்தான் நான் செய்த பிழை.

மூன்று கிழமைக்குப் பிறகு அவருடைய மகள் போன் பண்ணினாள். அங்கிள், டொக்டர் எழுதிக்கொடுத்த குளிசைகளை நிறுத்திவிட்டு, காலையும் மாலையும் ஒரு பெரிய கிண்ணம் புளூபெரி சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தாகம், ஓயாமல் சலம் போவது, கடைசியில் கண் மங்கி எதிரில் நின்ற பேரனையே அடையாளம் தெரியவில்லை. சீனி எக்கச்சக்கமாக ஏறி ஆஸ்பத்திரியில் இருந்தார்.

எங்கள் நிலையத்தின் தலைமை நர்ஸ் ஜமேக்காவிலிருந்து வந்தவர். என்னைவிட இரண்டு வயதுதான் கூட. அவரிடம் ஓடினேன். பழத்தைச் சாப்பிட மட்டும் சொன்னேனா, குளிசையை நிறுத்தவும் சொன்னேனா என்று அவர் முதலில் கேட்டார். நிறுத்தச் சொல்லவில்லை என்றேன். “நிறுத்த வேண்டாம் என்று சொன்னாயா?” என்றார். அதுவும் இல்லை.

“அப்படியானால் போய் அதைச் சொல். பூங்கொத்து வேண்டாம். சுகம் விசாரிக்கவும் வேண்டாம். முதல் வசனமே அதுவாக இருக்கட்டும்.”

இரண்டு பஸ் மாறிப் போனேன். அங்கிள் கட்டிலில் சாய்ந்து இருந்தார். ஆஸ்பத்திரிச் சட்டைக்கு மேல் பட்டன் இல்லாதது அவருக்கு ஏதோ சங்கடமாக இருந்திருக்க வேண்டும். கழுத்தடியைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

“அங்கிள், பிழை என்ர. நீங்கள் மருந்தோ எண்டு கேட்டனீங்கள். நான் ஓம் எண்டனான்.”

அவர் கழுத்தடியிலிருந்து கையை எடுத்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

“பச்சைக் கொடி காட்டினா ட்ரைவர் ரயிலை எடுப்பான் பிள்ளை. முன்னால பாலம் இருக்கோ இல்லையோ எண்டு அவன் இறங்கிப் பாக்கமாட்டான். கொடி காட்டுறவருக்குத்தான் அது தெரிஞ்சிருக்க வேணும்.” பிறகு, “சரி, அந்தப் பழத்தை இனித் தின்னலாமோ, கூடாதோ?” என்று கேட்டார்.

தின்னலாம் என்றேன், குளிசையோடு. அவர் அதை இன்னொரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

உங்களுக்கும் இது நடக்கும். நல்ல செய்தி சொல்லும்போதுதான் நமக்கு வாய் தவறும். கெட்ட செய்தி சொல்லும்போது எல்லோரும் கவனமாகத்தான் பேசுகிறோம்.

அதற்குப் பிறகு நான் மறுபக்கம் சாய்ந்தேன். புளூபெரி என்றால் அரைக் கப், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் பிளாஸ்ரிக் அளவுக் கப் வாங்கிக் கொடுத்தேன். வகுப்பு தொடங்கும்போது “எவ்வளவு?” என்பேன். “அரைக் கப்,” என்று எல்லோரும் பள்ளிக்கூடம் மாதிரிச் சொல்வார்கள். நர்ஸ் ஒரு நாள் கதவடியில் நின்று இதைப் பார்த்தார். தமிழ் தெரியாவிட்டாலும் என்ன நடக்கிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது.

“அளவை மட்டும் சொல்கிறாய். காரணத்தையும் அவர்களிடம் கொடு. அளவு மறந்துபோகும். காரணம் மறக்காது.”

எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் இரண்டு வியாழக்கிழமைகளை ஒதுக்கி, குளிசை உடம்புக்குள் என்ன செய்கிறது, சாப்பிடாமல் குளிசை போட்டால் சீனி ஏன் கீழே இறங்குகிறது, இறங்கினால் எப்படித் தெரியும் என்றெல்லாம் சொன்னேன். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், சின்ன விசயத்துக்கும் கோபம் வரும். அப்போது நடக்கக்கூடாது, உட்கார்ந்து கையில் இருக்கிற இனிப்பைச் சாப்பிட வேண்டும். பலர் கொட்டாவி விட்டார்கள். முன்வரிசையில் ராசமலர் அன்ரி மட்டும் ஒரு கேள்வி கேட்டார். அது சீனியைப்பற்றியது அல்ல.

“இந்தப் பழம் என்ன மரத்தில பிள்ளை காய்க்கிறது?”

எனக்குத் தெரியவில்லை. நாலு மாதமாக அந்தப் பழத்தைப்பற்றி வகுப்பெடுத்தவள் நான்.

ராசமலர் அன்ரி மன்னார்ப் பக்கம். மகளோடு இருந்தார். மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் தனியே வெளியில் போகப் பயம். வகுப்புக்கு வருவதும் எலிவேற்றரில் இறங்கினால் கீழ்த்தளம் என்பதால்தான். கனடாவுக்கு வந்து மூன்று வருடம், செருப்பில்லாமல் மண்ணில் கால் வைக்கவில்லை என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் எங்கள் பயணங்களுக்கு வழக்கமாக மஞ்சள் பஸ் கொண்டுவருகிற ட்ரைவர். வடக்கே பாறைக்காட்டுப் பகுதியில் பிறந்த, தாடிவைத்த, பெரிய மனிதர்.

“மரமா?” என்று சிரித்தார். “உன் கணுக்காலைப் பார். அவ்வளவுதான் உயரம்.” அவருடைய அக்காவுக்கு வடக்கே, மூன்று மணித்தியால ஓட்டத்தில், ஒரு காணி இருந்தது. சில வருடங்களுக்கு முன் அதன் ஒரு பகுதியில் காட்டுத்தீ பிடித்து எரிந்ததாம். “இப்போது அங்கே கால் வைக்க இடமில்லாமல் பழம். ஓகஸ்ட் பிறந்ததும் கூட்டிக்கொண்டு வா.”

அப்படித்தான் முப்பத்தெட்டுப் பேரோடு ஒரு சனிக்கிழமை காலை கிளம்பினோம். பஸ் பக்கத்திலிருக்கிற அஜின்கோர்ட்டைத் தாண்டுவதற்குள் பாட்டுத் தொடங்கிவிட்டது. நெடுஞ்சாலையில் வீடுகள் குறைந்து, இரண்டு பக்கமும் இளஞ்சிவப்புப் பாறைகளும் பைன் மரங்களும் வந்தபோது பாட்டு நின்றுவிட்டது. எல்லோரும் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு வந்தார்கள். கனடா இப்படியும் இருக்கும் என்று அவர்களில் பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்கும்தான்.

காணியில் இறங்கியபோது முதலில் கரிந்த மரக்கட்டைகள்தான் தெரிந்தன. இரண்டு மூன்று பேர் முகத்தைச் சுளித்தார்கள். எரிந்த இடத்தில் என்ன விளையும்? பிறகு ஒருவர் குனிந்து பார்த்தார். பாறைக்கும் பாறைக்கும் இடையில் இருந்த மெல்லிய மண்ணில், பாய் விரித்தமாதிரி, நீலம் நீலமாகக் கொத்துக்கள்.

“ஆர் நட்டது?” என்றார் சிவபாதம் அங்கிள். நான் மொழிபெயர்த்தேன்.

“யாரும் நடவில்லை.”

“தண்ணி?”

“மழை. குளிர்காலத்தில் பனி இதன்மேல் போர்வை மாதிரிக் கிடக்கும். அதனால்தான் குளிரில் சாவதில்லை.”

“பசளை?”

ட்ரைவர் கரிந்த கட்டையைக் காலால் தட்டினார். “இதுதான். நெருப்பு மேலே உள்ளதைத்தான் எரித்தது. இந்தச் செடியின் தண்டு மண்ணுக்குக் கீழே ஓடுகிறது. மேலே நிழல் தந்த மரங்கள் போனதும் அது பக்கத்துக்குப் பக்கம் முளைத்து வந்துவிட்டது.” பழத்துக்காகவே வைத்திருக்கிறவர்கள் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் தாங்களாகவே செடியை வெட்டியோ எரித்தோ விடுவார்களாம். வெட்டிய அடுத்த வருடம் இலை மட்டும். அதற்கடுத்த வருடம்தான் பழம். பிறகு அவர் இரண்டு இடங்களில் பறித்துக் கையில் தந்தார். ஒன்று நல்ல இனிப்பு. மற்றது புளிப்பும் கருமையும். “இந்தத் திட்டு முழுக்க ஒரே செடி. அந்தத் திட்டு வேறொரு செடி. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ருசி.”

இந்தக் கடைசி விசயத்தை அவர் சொல்லியிருக்கவே கூடாது.

எல்லோருக்கும் பிளாஸ்ரிக் வாளி கொடுத்தேன். ராசமலர் அன்ரி மட்டும் அதை வாங்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் வாளி கொண்டுவந்திருந்தார். பஸ் தெரிகிற தூரத்தில் நில்லுங்கோ என்றேன். பழத்தின் மேலிருக்கிற வெள்ளைப் பூச்சைத் துடைக்கவேண்டாம், அது இருந்தால்தான் பழுதாகாது என்றேன். அரைக் கப் என்றேன். எல்லோரும் வாய் நிறையப் பழத்தோடு “ஓம்” என்றார்கள். அன்றைக்கு யார் யாரோ செருப்பைக் கழற்றிப் பாறையில் வைத்தார்கள். சிலர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து பறித்தார்கள். சிரிப்பும் கூப்பிடுகையுமாக இருந்தது. நானும் குனிந்தேன். நீங்கள் அதைச் செய்துபார்த்தால்தான் தெரியும். ஒரு கொத்து முடியும்போது அதைவிடப் பெரிய கொத்து ஒன்று இரண்டடி தள்ளிக் கண்ணில் படும். நிமிரவே தோன்றாது.

சாப்பாட்டு நேரத்தில் எண்ணினேன். முப்பத்தேழு. திரும்ப எண்ணினேன். சிவபாதம் அங்கிள் பஸ்ஸுக்குள் ஏறி சீற் சீற்றாக எண்ணிவிட்டு வந்தார். “முப்பத்தேழு. ராசமலர் இல்லை.”

அவருடைய சீற்றில் ஹாண்ட்பாக் கிடந்தது. திறந்தேன். சீனி பார்க்கிற மீற்றர், நான் கொடுத்த குளுக்கோஸ் ரொஃபி, பிரிக்காத இடியப்பப் பாசல். பக்கத்துச் சீற்றில் வந்த பெண் சொன்னாள்: “பஸ்ஸில வயித்தைப் பிரட்டிச் சத்தி வருமெண்டு காலமை ஒண்டும் வாயில வைக்கேல்லை. குளிசை மட்டும் போட்டவ.”

அவர் போட்டது சீனியை நன்றாக இறக்குகிற குளிசை. காலையில் போட்டு ஆறு மணித்தியாலம் ஆகிவிட்டது. கடைசியாக அவரைப் பார்த்தது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் ஆளுக்கொரு பக்கம் “ராசமலர்” என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். பாறைகள் அந்தச் சத்தத்தை நாலு பக்கமும் திருப்பி அனுப்பின. நான் யோசிக்கவில்லை. ஹாண்ட்பாக்கைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்குள் பத்துப் பதினைந்து அடி ஓடிவிட்டேன்.

“நில்,” என்றார் ட்ரைவர்.

அவர் சத்தம் போடவில்லை. ஆனால் நான் நின்றேன்.

“எந்தப் பக்கம் போகிறாய்?”

எனக்குத் தெரியவில்லை.

“நாலு பக்கமும் இவர்கள் கூப்பிட்டால் அந்த அம்மா நாலு பக்கமும் நடப்பார். ஒரு சத்தம், ஒரு இடத்திலிருந்து. பிறகு அமைதி. பதில் வந்தால் மட்டும் போவோம்.”

அவர் சொன்னது சரி என்று தலைக்கு விளங்கியது; கால்கள் கேட்கவில்லை. எதையாவது செய்துகொண்டிருந்தால்தான் நான் குற்றவாளி இல்லை என்று தோன்றும்போல இருந்தது. உங்களுக்குச் சொல்கிறேன், அவசரத்தில் ஓடுவது பாதி நேரம் நோயாளிக்காக இல்லை, நமக்காகத்தான். நான் திரும்பிவந்து எல்லோரையும் பஸ்ஸடியில் சேர்த்தேன். “ஒருத்தரும் கதைக்கக்கூடாது,” என்றேன். முப்பத்தேழு தமிழர் ஒன்றாய் நின்று வாய்திறக்காமல் இருந்ததை நான் என் வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான் பார்த்தேன்.

ட்ரைவர் மூன்று தடவை ஹோர்ன் அடித்தார். கேட்டுக்கொண்டு நின்றோம். இலைச்சத்தம் மட்டும். மூன்று நிமிடம் போனது. திரும்ப மூன்று தடவை.

அப்போது, வலது பக்கம், மிகத் தூரத்தில்: டங். டங். டங்.

பிளாஸ்ரிக் வாளியிலிருந்து அந்தச் சத்தம் வராது. எவர்சில்வர்.

ட்ரைவரும் நானும் போகவேண்டும். அவருக்குக் காடு தெரியும், எனக்கு சீனி தெரியும். ஆனால் ஹோர்ன் நிற்கக்கூடாது. திரும்பி வரும் வழிக்கும் அதுதான் அடையாளம். நான் கூட்டத்தைப் பார்த்தேன். சிவபாதம் அங்கிள் ஏற்கனவே பஸ் படியில் ஏறிக்கொண்டிருந்தார்.

“நீங்கள் போங்கோ பிள்ளை. கோர்ண் என்ர பொறுப்பு. மூண்டு நிமிசத்துக்கு ஒருக்கா, மூண்டு தரம்.” மணிக்கூட்டைக் கழற்றி ஸ்ரியறிங்குக்கு முன்னால் வைத்தார். “எத்தினை வருசம் ரயிலை வரவழைச்சனான். ஒரு மனுசியை வரவழைக்க மாட்டனே?”

ட்ரைவர் போகிற வழியில் கிளைகளில் வழி தெரியச் செம்மஞ்சள் ரேப் நாடா கட்டிக்கொண்டு போனார். மீற்றரையும் ரொஃபியையும் எடுத்துக்கொண்டு நான் பின்னால். பதினைந்து நிமிடம் இருக்கும். வழி முழுக்கப் புளூபெரி. ஒவ்வொரு திட்டிலும் பறித்த அடையாளம் இருந்தது. அன்ரி எங்கே போனார் என்று அப்போது விளங்கியது. அவர் எங்கும் போகவில்லை. ருசியைத் தொடர்ந்து போயிருக்கிறார்.

ஒரு பாறைச் சரிவின் கீழே, நிழலில், கால்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் வாளி, கையில் ஒரு கல். சேலைக் கரை முழுக்க நீலம், வாய் நீலம், நாடியிலும் நீலம். என்னைக் கண்டதும் பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளைமாதிரி வாளியை மறைக்கப் பார்த்தார்.

“கோவிக்காதையும் பிள்ளை. நீர் அரைக் கப் எண்டு சொன்னனீர். நான் அளக்கேல்லை.”

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். கை குளிர்ந்துபோய் ஈரமாக இருந்தது. ஆனால் நடுக்கம் இல்லை. மீற்றரில் பார்த்தேன். பயப்படுகிற அளவு இல்லை. 

“என்ன நடந்தது அன்ரி?”

“தலையை நிமித்தினா பஸ்ஸைக் காணேல்லை. ஓடிப் பாத்தன். பிறகு கை நடுங்கத் தொடங்கிச்சு, வேர்த்துக் கொட்டிச்சு. ஒரு கல் தடுக்கினதுக்குக் கல்லோட கோவம் வந்திச்சு. அப்பதான் நீர் சொன்னது ஞாபகம் வந்தது, கோவமும் வருமெண்டு. இது வழி தெரியாத பயமில்லை, சீனி இறங்குது எண்டு விளங்கிச்சு. நடக்கக்கூடாது, இருந்து இனிப்பு ஏதும் தின்ன வேணும். ரொஃபி பாக்குக்குள்ள. இஞ்சை இருக்கிறது இதுதானே? அள்ளி அள்ளித் திண்டன். பாதி வாளி முடிஞ்சுது. அரைக் கப் எண்டது சீனி கூடாம இருக்க. எனக்கு அப்ப குறைஞ்செல்லே போச்சு. அப்ப அந்தச் சட்டம் எனக்கில்லைத்தானே?”

நான் ரொஃபியைப் பிரித்துக் கொடுத்தேன். புளூபெரியில் சீனி குறைவுதான், மெல்லத்தான் ஏறும். அந்த நேரத்துக்கு ரொஃபியோ ஜூஸோதான் முதல் தெரிவு. ஆனால் பாதி வாளி பாதி வாளிதான். கூப்பிட்ட குரல் பஸ்வரை எட்டவில்லையாம். ஹோர்ன் கேட்டதும் கல்லால் வாளியில் தட்டியிருக்கிறார்.

அன்றைக்கு ராசமலர் அன்ரியைக் காப்பாற்றியது என் அளவுக் கப் இல்லை. நான் விருப்பமில்லாமல் எடுத்த இரண்டு வியாழக்கிழமைகள். என் சொல்லைச் சொல்லுக்குச் சொல் கேட்டிருந்தால் அவர் அரைக் கப்போடு நிறுத்தி, அந்தப் பாறையடியில் மயங்கியிருப்பார். சட்டத்தை எப்போது மீறவேண்டும் என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு ஒருவருக்குக் காரணம் விளங்கியிருந்தால், உங்கள் வேலையை நீங்கள் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இரண்டு ரொஃபியும் ட்ரைவர் வைத்திருந்த பிஸ்கற்றும் சாப்பிட்டபின், மெல்ல நடந்து, செம்மஞ்சள் ரேப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினோம். ஹோர்ன் மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை தப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசி மரத்தைத் தாண்டி நாங்கள் வெளியே வந்ததும் அது விடாமல் ஒரே நீளமாக ஒலித்தது. சிவபாதம் அங்கிள் கையை எடுக்கவே இல்லை. ட்ரைவர் போய் எடுத்துவிடவேண்டியதாயிற்று. முப்பத்தேழு பேரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே அன்ரியை ஏசினாள், ஏசிக்கொண்டே இடியப்பப் பாசலைப் பிரித்தாள். அன்ரி பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டபடி நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கை நடுங்கியதைச் சொல்லும்போது கையை நடுக்கிக் காட்டினார். கல்லோடு கோபம் வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். என் வகுப்பில் கொட்டாவி விட்டவர்களில் ஒருவர்கூட இப்போது கொட்டாவி விடவில்லை.

திரும்பிவரும்போது பாட்டு ரொறன்ரோ எல்லைவரை நிற்கவில்லை. பஸ் முழுக்க நீல நாக்குகள்.

திங்கட்கிழமை அறிக்கை எழுத உட்கார்ந்தேன். ‘பயணம் சிறப்பாக நடந்தது’ என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். எல்லோரும் பத்திரமாக வந்துவிட்டார்களே. நான் எல்லாவற்றையும் எழுதினேன். காலையில் யார் சாப்பிட்டார்கள் என்று கேட்கவில்லை. இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடவில்லை. ரொஃபியைப் பையில் வைக்கச் சொன்னேனே தவிர மடியில் கட்டச் சொல்லவில்லை. நானே குனிந்து பழம் பறித்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் என் முன்னாலேயே அதை முழுதாக வாசித்தார். இனி இப்படிப் பயணம் கிடையாது என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“அடுத்த வருடமும் கூட்டிக்கொண்டு போவாயா?”

“போவேன்.”

“இதெல்லாவற்றையும் திருத்திக்கொண்டு?”

“ஓம்,” என்றேன், தமிழிலேயே. அவருக்கு விளங்கியது.

“அப்படியானால் எனக்கும் ஒரு சீற் வை,” என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஓகஸ்ட் இரண்டு பஸ் பிடிக்கவேண்டியிருந்தது. முதலாவதில் சிவபாதம் அங்கிள் பட்டியலோடு நின்று ஆட்களை இரண்டிரண்டாக ஏற்றினார். இரண்டாவதில் நானும் நர்ஸும். ட்ரைவர் எஞ்சினை முடுக்கியதும் ராசமலர் அன்ரி முன்சீற்றிலிருந்து எழும்பி எங்களைப் பார்த்துத் திரும்பினார். கழுத்தில் விசில் ஒன்று தொங்கியது. பக்கத்தில் ஒரு பெரிய பை.

“பஸ் இப்ப போகாது,” என்றார். “காலமை சாப்பிடாத ஆக்கள் கையை உயத்துங்கோ. வெக்கப்படாதேங்கோ.”

முதலில் எல்லோரும் பக்கத்துச் சீற்றைப் பார்த்தார்கள். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக ஐந்து கைகள் எழும்பின. அன்ரி பைக்குள்ளிருந்து ஒவ்வொரு புட்டுப் பாசலாக எடுத்துக்கொண்டு சீற் சீற்றாக வந்தார். ஒவ்வொருவரும் முதல் வாய் வைக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் போனார்.

ஐந்தாவது பாசல் எனக்கு.